மாதம் 60 டாலர், குதிரை சொந்தச் செலவு: அமெரிக்காவின் முதல் ரேஞ்சர்கள்

அமெரிக்காவில் முதன்முதலாக வனத்துறை ரேஞ்சர் வேலைக்குச் சேர்ந்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள், காட்டைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணமே அவர்களிடமிருந்து வந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எண்ணம் அவர்களுடையது இல்லை. அது ஐரோப்பாவில் படித்தவர்களிடம் உருவாகி, பர்மாவிலும் இந்தியாவிலும் நடைமுறைக்கு வந்து, அப்புறம் வாஷிங்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் சட்டத்தில் மட்டும் இருந்த காட்டுக்குத் தரையில் எல்லை கட்டியவர்கள் இந்த ரேஞ்சர்கள்தான். அந்த வேலையில் மரத்தோடு பட்ட பாட்டைவிட மனிதர்களோடு பட்ட பாடுதான் அதிகம். மாட்டுப் பண்ணைக்காரர், ஆட்டு மந்தைக்காரர், மர மில்காரர், சுரங்கக்காரர் எல்லாரும் அவர்களுக்கு அக்கம்பக்கத்தார். அந்த அக்கம்பக்கத்தாரிடமே போய் "இனிமேல் அனுமதி வாங்கிக்கொண்டுதான் வெட்ட வேண்டும், மேய்க்க வேண்டும்" என்று சொல்வதற்குத்தான் சம்பளம்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் மிச்சிகன், விஸ்கான்சின் பக்கத்து வெள்ளைப் பைன் காடுகளை ஒரே தலைமுறையில் அறுத்துத் தள்ளினார்கள். வெட்டிய இடத்தில் கிளையும் சருகும் மலைபோல் காய்ந்து கிடக்கும். அதில் தீ பிடித்தால் என்ன ஆகும் என்பதை 1871 அக்டோபரில் விஸ்கான்சினின் பெஷ்டிகோ என்ற ஊர் காட்டியது; ஒரே இரவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். (அதே இரவில்தான் சிகாகோ நகரமும் எரிந்தது. செய்தி முழுக்க அங்கே போய்விட்டதால் பெஷ்டிகோ பலருக்குத் தெரியாமலே போயிற்று.) மரம் தீர்ந்துவிடும் என்ற பயம் ஒரு பக்கம். மேற்கே மலைக்காடு போனால் பாசனத் தண்ணீரும் போகும் என்ற கவலை இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்து 1891இல் ஒரு சட்டம் வந்தது. ஜனாதிபதி கையெழுத்துப் போட்டாலே அரசு நிலத்தைக் காப்புக்காடாக அறிவித்துவிடலாம். ஜனாதிபதி ஹாரிசன் அந்த மார்ச் மாதமே யெல்லோஸ்டோன் பூங்காவை ஒட்டி முதல் காப்புக்காட்டை அறிவித்தார்.

அறிவித்தார், அவ்வளவுதான். காவலுக்கு ஆளும் இல்லை, பணமும் இல்லை. எப்போதும்போல மரம் வெட்டினார்கள், ஆடு மேய்த்தார்கள். பதவி முடியும் தறுவாயில், 1897 பிப்ரவரியில், ஜனாதிபதி கிளீவ்லேண்ட் மேலும் 2 கோடியே 10 லட்சம் ஏக்கரைக் காப்புக்காடாக அறிவித்துவிட்டுப் போனார். மேற்கு மாநிலங்கள் கொதித்தெழுந்தன. அந்தச் சண்டைக்கு நடுவேதான் 1897 ஜூன் சட்டம் பிறந்தது. காப்புக்காடு பூட்டி வைக்க இல்லை, மரமும் தண்ணீரும் மக்கள் பயன்பாட்டுக்கே, ஆனால் அரசு விதிப்படி. அந்த விதியை நடத்த ஆள் வேண்டும் அல்லவா? 1898 கோடையில் முதல் ரேஞ்சர்கள் வேலைக்கு வந்தார்கள்.

முதல் சில வருடங்கள் சிரிப்பும் எரிச்சலும் கலந்த கதை. காப்புக்காடுகள் அப்போது உள்துறையின் நில அலுவலகத்தின் கீழ் இருந்தன. மேல் பதவிகள் கட்சிக்காரர்களுக்கும் செனட்டர்களின் வேண்டப்பட்டவர்களுக்கும் போயின. அவர்களில் பலருக்குப் பைன் எது, ஃபர் எது என்றே தெரியாது. கீழே ரேஞ்சராகச் சேர்ந்தவர்கள் உள்ளூர்ப் பையன்கள், முன்னாள் மாட்டுக்காரர்கள், சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள். பெரும்பாலும் கோடைக்கு மட்டும் வேலை. பனி விழுந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தினமும் எங்கே போனோம், என்ன செய்தோம் என்று நாட்குறிப்பு எழுதி மேலே அனுப்ப வேண்டும். கொலராடோவில் பில் க்ரூட்சர் என்ற இருபது வயதுப் பையன் 1898 ஆகஸ்ட் 8ஆம் தேதி வேலைக்குச் சேர்ந்தார். முதல் ரேஞ்சர் என்று பலரும் அவரைத்தான் சொல்வார்கள். குதிரை போகிற மட்டும் போ, தீயை அணை என்பதுதான் அவருக்குக் கிடைத்த உத்தரவின் சாரம். வரைபடமும் கிடையாது, உதவிக்கு ஆளும் கிடையாது. மறு வருடம் மோன்டானாவில் வில்கர்சன், டட்டில் என்ற இரண்டு ரேஞ்சர்கள் தங்களுக்கென்று ஒரே அறை கொண்ட மரக்குடிசை ஒன்றைக் கட்டி, ஜூலை 4 அன்று கொடியேற்றினார்கள். கட்டிய செலவும் உழைப்பும் அவர்களுடையதே. ஆல்டா என்ற அந்தக் குடிசை இன்னும் நிற்கிறது.

சரி, அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? இங்கேதான் நம் ஊர் கதைக்குள் வருகிறது. கிஃபர்ட் பின்ஷோ என்ற பணக்கார வீட்டு இளைஞர் 1889இல் யேல் பல்கலைக்கழகப் படிப்பை முடித்தார். காட்டுத்துறைப் படிப்பு அப்போது அமெரிக்காவில் எங்குமே இல்லை. ஐரோப்பாவுக்குப் போனார். அங்கே அவருக்கு வழிகாட்டியாகக் கிடைத்தவர், பான் நகரில் ஓய்வுக்காலத்தைக் கழித்துக்கொண்டிருந்த டீட்ரிக் பிராண்டிஸ். 1856இல் பர்மாவின் பெகு தேக்குக் காடுகளுக்குப் பொறுப்பேற்று, 1864இல் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைவரானவர். 1880களின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்துக்கு வந்து இங்கே வனத்துறையைச் சீரமைக்க வழிசொன்னவரும் அவர்தான். 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் அந்தக் காலத்துச் சட்டம். தமிழ்நாடு வனச் சட்டம் என்ற பெயரில் இன்றும் நம்மிடம் இருக்கிறது.

பர்மாவில் பிராண்டிஸ் மரங்களை எண்ணிய விதத்தைப் பின்ஷோ பிற்காலத்தில் வியந்து எழுதியிருக்கிறார். மலை முகட்டில் யானை மேல் போவார். இடது கையில் நான்கு குச்சிகள், வலது கையில் பேனாக்கத்தி. மூங்கில் புதருக்கு நடுவே, பாதையிலிருந்து சுமார் 200 அடிக்குள் தேக்கு தெரிந்தால், அதன் பருமனைக் கண்ணால் மதித்து அந்த அளவுக்குரிய குச்சியில் ஒரு வெட்டு. எழுதக் காகிதம் எடுத்தால் மழையில் நனைந்துவிடும். குச்சி நனைந்தாலும் கணக்கு அழியாது. மாலையில் குச்சியை எண்ணினால் அந்த மலையில் எத்தனை மரம், எது வெட்டலாம், எது விடலாம் என்று தெரிந்துவிடும். இந்தக் கணக்குதான் பின்ஷோவைப் பிடித்துக்கொண்டது. அவர் பேசிய பாதுகாப்பு என்பது இதுதான். வளர்வதைவிட அதிகமாக வெட்டாதே, வெட்டுவதற்கு முன் எண்ணு. காட்டின் அழகைப் பற்றிய கவலை அதில் மிகக் குறைவு.

1905 பிப்ரவரியில் காப்புக்காடுகள் உள்துறையிடமிருந்து பின்ஷோவின் கைக்கு வந்தன. 6 கோடியே 30 லட்சம் ஏக்கர். தமிழ்நாட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஜூலையில் துறைக்கு வனச் சேவை என்று பெயர் வந்தது. முதல் வேலையாக, சட்டைப்பையில் வைக்கக்கூடிய ஒரு சின்ன விதிப்புத்தகத்தை ரேஞ்சர் கையில் கொடுத்தார்கள். அதில் ரேஞ்சர் வேலைக்கான தகுதி ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருந்தது. 21 முதல் 40 வயது. கட்டுமஸ்தான உடம்பு. நோய்க்கு நல்லது என்று வெளிக்காற்று தேடி வருகிறவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம். ஊரும் கடையும் இல்லாத இடத்தில் தன்னையும் தன் குதிரைகளையும் பார்த்துக்கொள்ளத் தெரிய வேண்டும். உதவியில்லாமல் பாதை வெட்டவும் குடிசை கட்டவும் தெரிய வேண்டும். நில அளவை, மரக் கணக்கு, கால்நடைத் தொழில் மூன்றும் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். ஏட்டுப் படிப்பைவிட அனுபவமே பெரிது.

தேர்வும் அப்படித்தான். எழுத்துத் தேர்வு ஒரு பாதி. மறு பாதியில் குதிரைக்குச் சேணம் பூட்டி ஓட்டிக் காட்ட வேண்டும். மலைப்பாதையில் சரியாத மாதிரி பொதியை ஏற்றிக் கயிற்றால் முடிச்சுப் போட வேண்டும். திசைகாட்டி வைத்து நிலத்தை அளக்க வேண்டும், மரத்தை நினைத்த பக்கம் சாய்க்க வேண்டும். சில இடங்களில் சமைக்கச் சொல்லி, சமைத்ததைத் தாங்களே சாப்பிடவும் சொன்னார்களாம். இவ்வளவுக்கும் சம்பளம் மாதம் 60 டாலரை ஒட்டி. சவாரிக் குதிரையும் பொதிக் குதிரையும் சொந்தமாக வைத்திருக்க வேண்டும். தீவனம், சேணம், லாடம் எல்லாம் அந்தச் சம்பளத்திலிருந்துதான். அரசு கொடுத்தது பைன் மரம் பொறித்த ஒரு வெண்கல வில்லை, விதிப்புத்தகம், சில கருவிகள்.

அந்தக் கருவிகளில் முக்கியமானது ஒரு சுத்தியல். தலையில் அமெரிக்க அரசைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள் புடைத்திருக்கும். எந்த மரத்தை வெட்டலாம் என்று ரேஞ்சர் முடிவு செய்தால் பட்டையைச் செதுக்கிவிட்டு அந்த இடத்தில் ஓங்கி ஓர் அடி. குத்து விழாத மரத்தை வெட்டினால் திருட்டு. வெட்டிச் சாய்த்த தடிமரத்தை அளந்து, கணக்கில் ஏற்றி, முனையில் மறுபடியும் குத்து. பனிக்காலத்தில் மர மில்காரரின் ஆட்களோடு அவர்கள் கூடாரத்திலேயே தங்கி, அவர்கள் சாப்பாட்டையே சாப்பிட்டுக்கொண்டு, அவர்கள் வெட்டுவதில் பழுதான மரத்தைக் கழித்துக் கணக்குப் பேச வேண்டும். கையூட்டுக்கு இதைவிட வசதியான இடம் வேறு ஏது? அந்தக் காலத்து வனச் சேவை நேர்மைக்குப் பெயர் வாங்கியது என்றால் அதற்கு இந்தச் சுத்தியலை வைத்திருந்தவர்கள்தான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

கோடையில் வேலை வேறு. பாதை வெட்டுவது, வேலி போடுவது, தொலைபேசிக் கம்பி இழுப்பது. கம்பியைக் கம்பம் நட்டுக் கட்ட நேரமும் பணமும் இல்லாததால் மரத்துக்கு மரம் தொங்கவிட்டார்கள். விறைப்பாகக் கட்டாமல் தளர்வாக, கம்பி தானே நழுவி ஓடும்படி வளையங்களில் மாட்டினார்கள். மேலே மரம் விழுந்தால் கம்பி அறாமல் தரை வரை தொய்ந்துவிடும், பேச்சு நிற்காது. இந்த ஒரு கம்பி வந்த பிறகுதான் தீ எரிவதை மேலே இருப்பவர் பார்த்துக் கீழே சொல்ல முடிந்தது.

அந்தக் கம்பியின் மறுமுனையில் பெரும்பாலும் ரேஞ்சரின் மனைவிதான் இருந்தார். ரேஞ்சர் காட்டுக்குள் போனால் ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஆகும். அதுவரை பர்மிட் கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது, தீச் செய்தியைக் கடத்துவது, திடீரென்று வந்து நிற்கும் இருபது தீயணைப்பு ஆட்களுக்குச் சமைத்துப் போடுவது எல்லாம் இவர் தலையில். சம்பளம் கிடையாது. பெண் ஒருவர் சம்பளத்துக்குக் காட்டுக் காவலுக்குப் போனது 1913இல். கலிபோர்னியாவின் கிளாமத் காட்டில் ஹாலி டாகெட் மலையுச்சித் தீக்காவல் குடிலில் சேர்ந்தார். சில நாளில் பயந்து இறங்கிவிடுவார் என்று நினைத்தவர்கள் உண்டு. பல கோடைகள் அங்கேயே இருந்தார்.

இனி மேய்ச்சல். உண்மையில் ரேஞ்சருக்கு உயிர் போகும் தலைவலி இதுதான். அதுவரை அரசு நிலப் புல் யார் முதலில் போகிறாரோ அவருக்கு. மாட்டுக்காரருக்கும் ஆட்டுக்காரருக்கும் இடையே துப்பாக்கிச் சண்டைகூட நடந்திருக்கிறது. 1906 முதல் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம். தொகை பெரிதில்லை, ஒரு மாட்டுக்கு ஒரு கோடைக்கு அரை டாலர்கூடக் கிடையாது. பிரச்சினை பணத்தில் இல்லை; தாத்தா காலத்திலிருந்து ஓட்டிப் போன மலைக்கு வாஷிங்டனில் அனுமதி வாங்குவதா என்பதில். எத்தனை ஆடு என்று கேட்டால் பர்மிட்டில் உள்ள எண்ணிக்கையைத்தான் சொல்வார்கள். அதனால் ரேஞ்சர் ஒரு குறுகிய வழியில் நின்றுகொண்டு மந்தையை ஒன்றிரண்டாக விட்டு எண்ணுவார். ஆட்டுக்காரருக்கும் அவருக்கும் எண்ணிக்கை ஒத்துப்போகாவிட்டால் திரும்ப ஓட்டி இன்னொரு தடவை.

கொலராடோவில் ஃபிரெட் லைட் என்ற பண்ணைக்காரர் பர்மிட் வாங்க மறுத்தார். கலிபோர்னியாவில் க்ரிமோ என்ற ஆட்டுக்காரர் அனுமதியில்லாமல் ஆடு மேய்த்தார். இரண்டு வழக்கும் உச்ச நீதிமன்றம் வரை போயின. 1911இல் இரண்டிலும் அரசு ஜெயித்தது. ஆனால் தீர்ப்பு வருவதற்கு முந்தைய ஐந்தாறு வருடங்கள் ரேஞ்சருக்குச் சட்டம் துணை நிற்குமா என்பதே சந்தேகம். அந்த வருடங்களைப் பேச்சினாலேயே ஓட்டினார்கள். பண்ணைக்காரர்களைச் சங்கமாகச் சேர்த்து, யார் எந்தப் புல்வெளி என்று அவர்களையே பேசி முடிவெடுக்க வைத்தார்கள். வருடத்தில் பாதி அந்தப் பண்ணை வீடுகளில்தான் சாப்பாடும் படுக்கையும் என்றால் சண்டைபோட்டு எப்படி வாழ்வது?

இந்த இணக்கத்தைப் புகழ்ந்து எழுதுவது வழக்கம். நானும் புகழ்கிறேன், ஆனால் ஒரு கணக்கைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். பண்ணைக்காரருக்கு ஓட்டு இருந்தது, அவர் பேச்சைக் கேட்கச் செனட்டர் இருந்தார். 1907இல் மேற்கின் ஆறு மாநிலங்களில் இனி ஜனாதிபதி தன்னிச்சையாகக் காப்புக்காடு அறிவிக்கக் கூடாது என்று சட்டமே கொண்டுவந்தார்கள். (அதில் கையெழுத்திடும் முன் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டும் பின்ஷோவும் இரவு பகலாக வரைபடம் போட்டு மேலும் 1 கோடியே 60 லட்சம் ஏக்கரைச் சேர்த்துவிட்டது தனிக் கதை.) அதே காடுகளில் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடி, கிழங்கெடுத்து, பருவம் பார்த்துச் சிறு தீ வைத்துப் புதரைக் கட்டுப்படுத்திய பூர்வகுடிகளில் பலருக்கு ஓட்டும் இல்லை, குடியுரிமையும் இல்லை; அவர்கள் எல்லாருக்கும் குடியுரிமை தந்த சட்டம் 1924இல்தான் வந்தது. அவர்களோடு யாரும் சங்கம் அமைத்துப் பேசவில்லை. 1908இல் மோன்டானாவின் ஸ்வான் பள்ளத்தாக்கில், மாநில வேட்டை உரிமம் கையில் வைத்திருந்த பூர்வகுடிக் குழுவில் நான்கு பேரை மாநில வேட்டைக் காவலரும் அவரோடு வந்தவரும் சுட்டுக் கொன்றார்கள். சுட்டவர்கள் வனச் சேவைக்காரர்கள் இல்லை. ஆனால் காட்டைக் காப்பது என்ற பெயரில் யாரிடம் பேசலாம், யாரை விரட்டலாம் என்ற பாகுபாடு எல்லாருக்கும் பொதுவாக இருந்தது. சென்னை மாகாணத்தில் 1882 சட்டத்துக்குப் பிறகு விறகுக்கும் மேய்ச்சலுக்கும் கிராமத்தார் பட்ட பாடு தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. 1921இல் இன்றைய ஆந்திராவின் பல்நாட்டில் மேய்ச்சல் கட்டணத்தை எதிர்த்து மக்கள் திரண்டபோது அவர்களுக்கும் பேசச் செனட்டர் இல்லை.

1910இல் எல்லாம் மாறியது. ஜனவரியில் ஜனாதிபதி டாஃப்ட் பின்ஷோவை வேலையை விட்டு நீக்கினார். கோடையில் மழை பொய்த்தது. ஐடஹோ, மோன்டானா மலைகளில் நூற்றுக்கணக்கான இடங்களில் சிறு தீ எரிந்துகொண்டிருந்தது. ஆகஸ்ட் 20 மாலை சூறைக்காற்று அடித்தது. இரண்டு நாளில் சுமார் 30 லட்சம் ஏக்கர் எரிந்தது. 80க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலோர் தினக்கூலிக்குத் தீயணைக்கப் போனவர்கள்.

வாலஸ் என்ற ஊருக்கு அருகே எட் புலாஸ்கி என்ற ரேஞ்சர் நாற்பத்தைந்து பேர் அளவிலான குழுவோடு மாட்டிக்கொண்டார். சுரங்கத்திலும் கொல்லுப் பட்டறையிலும் வேலை பார்த்துவிட்டு நாற்பது வயதில் துறைக்கு வந்தவர். அந்த மலை அவருக்கு உள்ளங்கை மாதிரி. புகைக்குள் ஆட்களை நடத்திப் போய் ஒரு பழைய சுரங்கத்துக்குள் தள்ளினார். இரண்டு குதிரைகளும் உள்ளே. சுரங்க வாசலில் கம்பளிகளைத் தொங்கவிட்டு, தரையில் கசிந்த நீரைத் தொப்பியால் மொண்டு ஊற்றிக்கொண்டே நின்றார். முட்டுக்கட்டைகள் தீப்பிடித்தன. பயத்தில் வெளியே ஓடப் பார்த்தவர்களிடம், முதலில் ஓடுகிறவனைச் சுடுவேன் என்று கைத்துப்பாக்கியை நீட்டினார். கடைசியில் எல்லாரும் மயங்கிச் சாய்ந்தார்கள். விடியற்காலையில் ஒருவர் விழித்து, மேஸ்திரி செத்துவிட்டார், வாருங்கள் போகலாம் என்றார். "சாகவில்லை" என்று தரையிலிருந்து புலாஸ்கியின் குரல் வந்தது. ஐந்து பேர் உள்ளேயே இறந்துபோனார்கள். மற்றவர்கள் கருகிய செருப்போடு தட்டுத் தடுமாறி ஊர் வந்து சேர்ந்தார்கள்.

புலாஸ்கிக்குக் கண்ணும் நுரையீரலும் கெட்டன. சிகிச்சைச் செலவுக்கு அரசிடம் கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. 1923இல் தன் அனுபவத்தைக் கட்டுரையாக எழுதி ஒரு போட்டியில் 500 டாலர் பரிசு வாங்கினார். இதற்கிடையில், ஒரு பக்கம் கோடாரியும் மறுபக்கம் களைக்கொத்தும் உள்ள ஒரு கருவியைத் தன் பட்டறையில் செய்து துறையில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். வேரை வெட்டவும் மண்ணைக் கிளறித் தீத்தடுப்புக் கோடு போடவும் ஒரே கருவி. இன்றும் அதன் பெயர் புலாஸ்கிதான்.

அந்தத் தீயினால் துறைக்குப் பணமும் மக்கள் ஆதரவும் கிடைத்தன. 1911இல் வந்த வீக்ஸ் சட்டம் கிழக்கு மாநிலங்களில் வெட்டி மொட்டையான மலைகளை விலைக்கு வாங்கிக் காடாக்க வழிசெய்தது. கூடவே ஒரு பிடிவாதமும் வந்தது. எந்தத் தீயும் எரியக் கூடாது. 1935இல் அது விதியாகவே ஆயிற்று: தீ கண்ணில் பட்டால் மறுநாள் காலை 10 மணிக்குள் கட்டுக்குள் வந்துவிட வேண்டும். பூர்வகுடிகள் வைத்து வந்த சிறு தீயைக் கேலி பேசி நிறுத்தினார்கள். அதன் பலனாகப் பல பத்தாண்டுகள் காட்டில் சருகும் புதரும் சேர்ந்தன. 1970களில் அந்த விதியைக் கைவிட்டபோது எரிவதற்கு எவ்வளவோ சேர்ந்திருந்தது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் சொன்ன பதிலில் ஒரு திருத்தம் தேவை. முதல் எண்ணம் மேலிருந்து வந்தது என்றேன். இரண்டாவது எண்ணம் துறைக்குள்ளிருந்தே வந்தது. ஆல்டோ லியோபோல்ட் 1909இல் அரிசோனாவில் வேலைக்குச் சேர்ந்தார். ஓநாயைக் கண்டால் சுடுவது அப்போது எல்லாருக்கும் இயல்பு, அவரும் சுட்டார். மான் பெருகும் என்று நம்பினார்கள். பத்துப் பதினைந்து வருடம் அந்த மலைகளில் அலைந்த பிறகு, பாதையும் மில்லும் விடுதியும் வராத காடு கொஞ்சமாவது வேண்டும் என்று தன் துறைக்கே மனு எழுதினார். கொலராடோவில் டிராப்பர்ஸ் ஏரிக் கரையில் விடுமுறை வீடுகளுக்கு மனை பிரிக்க 1919இல் அனுப்பப்பட்ட ஆர்தர் கார்ஹார்ட், மனை பிரிக்கவே கூடாது என்று அறிக்கை கொடுத்திருந்தார். 1924இல் நியூ மெக்சிகோவின் கீலாவில் ஏழரை லட்சம் ஏக்கர் அப்படி விடப்பட்டது. 1964இல் அது நாடு முழுவதற்குமான சட்டமானது.